விட்சண்டே தீவுகளில் வாடகைப் பாய்மரப் படகு: ஆறு நண்பர்களின் ஐந்து இரவுகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், 74 தீவுகளைக் கொண்ட விட்சண்டே கடற்பகுதியில், படகோட்டும் உரிமம் இல்லாதவர்களும் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துத் தாங்களே செலுத்திச் செல்லலாம். கல்லூரிக் காலத்து நண்பர்களான நாங்கள் ஆறு பேர் சென்ற ஆகஸ்டில் ஏர்லி பீச்சில் ஒரு நிறுவனத்திடம், நம் கட்டுமரத்திலிருந்து பெயர் பெற்ற, இரட்டை அடிப்பகுதி கொண்ட கேட்டமரான் படகு ஒன்றை ஐந்து இரவுகளுக்கு எடுத்தோம். எங்களில் இருவருக்கு மட்டுமே பாய்மரப் படகில் முன்பழக்கம் இருந்தது. உரிமம் கேட்காத ஒரு நிறுவனம் நம்மை எவ்வளவு பொறுப்போடு கடலுக்கு அனுப்புகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆகவே புறப்பட்ட நாளைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

காலை 8 மணிக்குத் தொடங்கிய பயிற்சி பிற்பகல் வரை நீண்டது. என்ஜின், பேட்டரி, கழிவறைப் பம்பு ஆகியவற்றை விரைவாகக் காட்டி முடித்த பயிற்றுநர், நங்கூரத்துக்கு வந்ததும் நிதானமானார். அங்கே கடல் நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவு சில நாள்களில் 3 மீட்டரைத் தாண்டுவதால், நங்கூரமிடும் நேரத்து ஆழத்தை மட்டும் பார்க்காமல், நீர் முழுமையாக ஏறும்போது இருக்கப்போகும் ஆழத்தைக் கணக்கிட்டு, அதைப் போல் ஐந்து மடங்கு சங்கிலியை விட வேண்டும் என்று விளக்கினார். பிறகு ஆறு பேரையும் ஒவ்வொருவராக முன்தளத்தில் நிறுத்தி, நங்கூரத்தை இறக்கவும் ஏற்றவும் வைத்தார். என் தோழி ஒருவர் சங்கிலியை விட்டு முடித்ததும், அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார் பயிற்றுநர். சங்கிலி கடகடவென்று அதிர்ந்தால் நங்கூரம் தரையில் இழுபடுகிறது என்றும், அதிர்வு இல்லாமல் விறைத்து நின்றால் பிடித்துவிட்டது என்றும் அவர் சொன்னது ஐந்து நாளும் எங்களுக்கு உதவியது. மூன்றாம் இரவு, ஹுக் தீவின் நாரா இன்லெட் என்ற குடாவில் மலைச்சரிவிலிருந்து திடீர் திடீரென்று காற்று இறங்கியபோது, அதே தோழி இருட்டில் முன்தளத்துக்குப் போய்ச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "பிடிச்சிருக்கு, தூங்குங்க" என்றார். மறுநாள் காலை அங்கேயே கரையேறி, அப்பகுதிப் பூர்வகுடிகளான ங்காரோ மக்களின் பாறை ஓவியங்களைப் பார்த்தோம். அந்தப் பக்கம் போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம்.

நிறுவனம் காலையும் மாலையும் வானொலியில் அழைத்து, எங்கே இருக்கிறோம், அடுத்து எங்கே போகிறோம் என்று கேட்டது. மாலை 4 மணிக்குள் நங்கூரமிட்டோ மிதவையில் கட்டியோ இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. முதல் நாள் அது கெடுபிடியாகத் தோன்றியது. ஆனால் பவளப் பாறைகள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் சூரியன் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை நேரில் கண்ட பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

குறை படகின் பராமரிப்பில் இருந்தது. ஏறத்தாழ 98 சதவீதம் சிலிக்கா மணலாலான, 7 கிலோமீட்டர் நீளமுள்ள ஒயிட்ஹேவன் கடற்கரையில் இறங்கி நின்றபோது, கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கியின் என்ஜின் உயிர்பெற மறுத்தது. துடுப்பு வலித்துத்தான் படகுக்குத் திரும்பினோம். வானொலியில் சொன்னதும் மறுநாள் காலையில் மாற்று என்ஜினைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள் என்றாலும், அன்றைய பிற்பகல் வீணானதற்கு எந்த ஈடும் தரவில்லை. அதைவிட எனக்கு வருத்தம் தந்தது நன்னீர்த் தொட்டி. அளவுமானி பாதிக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தபோதே நான்காம் நாள் குழாயில் நீர் நின்றுவிட்டது. குடிப்பதற்குத் தனியாக வாங்கிய புட்டிகள் இருந்ததால் சமாளித்தோம். குழந்தைகளோடு போயிருந்தால் பயணத்தை அன்றே முடித்துக்கொண்டிருப்போம். மனிதர்களுக்குப் பயிற்சி தருவதில் இவ்வளவு அக்கறை காட்டுகிறவர்கள், ஓர் அளவுமானியைச் சரிபார்க்காமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

சமையல் பொருள்களை ஏர்லி பீச் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். நிறுவனம் தரும் உணவுப் பொதி தேவையில்லை. பிணைத்தொகை முழுவதும் திரும்பி வந்தது. அந்தப் பயிற்றுநருக்காகவே அடுத்த முறையும் இவர்களிடம்தான் படகு எடுப்போம். ஆனால் தொட்டியை எங்கள் கண்முன் நிரப்பச் சொல்லி, டிங்கி என்ஜினைத் துறையிலேயே கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுவோம்.