இன்னோவாவுக்கு இன்ஜெக்டர் போச்சு என்று சொன்னால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள்

எங்களுடையது 2008 இன்னோவா, 2.5 லிட்டர் டீசல். மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி. ராத்திரி முழுக்க நின்றிருந்தால், காலையில் ஏழெட்டு தடவை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஒருமுறை பிடித்துவிட்டால் அன்று முழுக்கத் தொல்லையே இல்லை. டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்தாலும் அரை செல்ஃபில் பிடிக்கும்.

பைபாஸில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரைச் செருகியதும் ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் பொதுக் குழாயில் உள்ள அழுத்தம், குறைவு என்று காட்டியது. "நாலு இன்ஜெக்டரும் அவுட் சார்" என்றார் மெக்கானிக். இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம். எதையும் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டி, நடுவழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் சரி என்றுவிட்டேன். ரீகண்டிஷன் இன்ஜெக்டர், லேபர் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய்.

நான்காம் நாள் காலை பழையபடியே. திரும்பப் போனால், "இப்போ டீசல் பம்ப் போயிருக்கு, இன்னும் முப்பதாயிரம் ஆகும்" என்கிறார்.

எங்கள் தெருவில் டிராவல்ஸ் வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் விஷயம் கேட்டு, விடியற்காலையில் வந்தார். சாவியைத் தொடவே விடவில்லை. பானெட்டைத் திறந்து, டீசல் ஃபில்டர் தலைமேல் இருக்கும் கை பம்பை அமுக்கச் சொன்னார். பஞ்சு மாதிரி அமுங்கியது. இருபது இருபத்தைந்து தடவை அமுக்கியதும் கல்லாக இறுகியது. செல்ஃப் அடித்தேன், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அப்புறம் ஃபில்டரிலிருந்து டீசல் பம்புக்குப் போகும் வழியில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு டியூபை மாட்டிக் காட்டினார். டீசலோடு குமிழ் குமிழாகக் காற்று ஓடியது. கை பம்பின் ரப்பர் வெடித்திருந்தது. அது டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே சொட்டு ஈரம்கூட இல்லை.

ராத்திரியில் அந்த வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காலையில் டீசல் மறுபடி ஏறி பிரஷர் வரும்வரை செல்ஃப் சுற்ற வேண்டியிருக்கிறது. ஸ்கேனர் காட்டியது சரிதான். பிரஷர் ஏன் குறைகிறது என்று தேடியிருக்க வேண்டியவர் மெக்கானிக். இன்ஜெக்டர் தேய்ந்து ரிட்டர்ன் (பீய்ச்சப்படாமல் டேங்குக்கே திரும்பும் டீசல்) அதிகமாகப் போனால், பெரும்பாலும் இன்ஜின் சூடான பிறகுதான் ஸ்டார்ட் ஆகத் திணறும். எங்கள் வண்டி அதற்கு நேர்மாறாக இருந்தது. அதை நான் முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஃபில்டர் தலையை மாற்ற 2,800 ரூபாய் ஆனது. மூன்று வாரமாக ஒரு குறையும் இல்லை.

இன்ஜெக்டர் மாற்றச் சொன்னால், முதலில் காலையில் கை பம்பை அமுக்கிப் பாருங்கள். அது இறுக்கமாக இருந்தும் தொல்லை தீரவில்லையென்றால், இன்ஜெக்டரைக் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் டெஸ்ட் பெஞ்சில் போட்டு, ஒவ்வொன்றின் ரிட்டர்ன் அளவையும் உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். ஆனால் இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை நீங்களே தளர்த்திப் பார்க்காதீர்கள். உள்ளே பிரஷர் நூற்றுக்கணக்கான பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

கழற்றிய பழைய இன்ஜெக்டர்களை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது நான்கும் "குடோனில் இருக்கு, எடுத்துத் தரேன்" என்ற பேச்சிலேயே இன்னும் நிற்கிறது.