'இடது கையை நிமிர்த்தும்' பட்டை, பத்து வகுப்பு: பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

கோல்ஃப் பழகத் தொடங்கியவர்களைக் குறிவைத்து ஒரு பேக்ஸ்விங் (பந்தை அடிக்குமுன் கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, பின்னால் தூக்கும் அசைவு) பேக்கேஜ் விற்கிறார்கள். முழங்கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, கூடவே பத்து ஆன்லைன் வகுப்பு, மொத்தப் பணமும் முன்கூட்டியே. எங்கள் ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் இடம்) வரும் புதியவர் ஒருவர் இதில் மாட்டிக்கொண்டார். விற்றவர் யார் என்பதை இங்கே எழுதவில்லை. இதே சரக்கைப் பலரும் பல பெயர்களில் விற்பதால் ஆளைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

பட்டையில் இரண்டு பிளாஸ்டிக் தகடு, நடுவில் ஒரு கீல். இடது முழங்கை மடங்கினால் 'டக்' என்று சத்தம் வரும். சத்தம் வராமல் கிளப்பைத் தூக்கினால் பேக்ஸ்விங் சரி என்பதுதான் பாதி வகுப்புகளின் பாடம். அந்தப் புதியவர் அனுப்பிய வீடியோ ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டு "கை இன்னும் நேராக வரணும் சார்" என்று ஒரே பதிலை அனுப்பியிருக்கிறார்கள். பந்து எங்கே போனது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கடைசியில் ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைந்து போவது) முன்பைவிட அதிகமானது, இடது முழங்கையின் வெளிப்பக்கம் வலி வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பட்டையைப் பயன்படுத்திவிட்டீர்கள், திருப்பித் தர முடியாது" என்றார்கள்.

இது ஏன் நடந்தது என்று பார்ப்போம். சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரர்களுக்கு; இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கையும் ஒரே கிரிப்பை (கிளப்பின் கைப்பிடியை) பிடித்திருக்கின்றன. வலது முழங்கை 90 பாகைக்கு மேல் மடங்கினால் கிரிப் வலது தோளை நெருங்கி வரும். அப்போது இடது கைக்கு மடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. உடம்பு திரும்பாமல் கையை மட்டும் தூக்கினாலும் இதுதான் கதி. ஆக, இடது முழங்கை மடங்குவது விளைவு. காரணம் வலது கையிலோ தோள் திருப்பத்திலோ இருக்கிறது. பட்டை விளைவை மட்டும் பிடித்துக் கட்டிவைக்கிறது. பூட்டிய முழங்கையோடு ஆடுபவர் கிரிப்பை இறுக்கிப் பிடிக்கிறார், முன்கைத் தசை விறைக்கிறது, மணிக்கட்டு மடங்க மறுக்கிறது, தோள் பாதியிலேயே நின்றுவிடுகிறது. டவுன்ஸ்விங்கில் (பந்தை நோக்கிக் கிளப்பை இறக்கும்போது) கைதான் முதலில் வெளியே பாய்கிறது. கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டி இறங்க, கிளப்பின் முகம் (பந்தில் படும் பக்கம்) வலப்பக்கமாகத் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளைகிறது. ஸ்லைஸ் கூடியதற்கும் முழங்கை வலிக்கும் மூலம் ஒன்றுதான்.

முழங்கை இம்மியும் மடங்கக் கூடாது என்பது விதியே அல்ல. ஓபன் சாம்பியன்ஷிப்பை ஆறு முறை வென்ற ஹாரி வார்டனின் இடது கை பேக்ஸ்விங்கின் உச்சியில் நன்றாகவே மடங்கியிருந்தது. சிறுவயதுக் காயத்தால் இடது கை நிரந்தரமாக வளைந்துபோன எட் ஃபர்கல் 1954 அமெரிக்க ஓபனை வென்றார். சிறுவயதில் இடது முழங்கை உடைந்து, கையை முழுதாக நீட்டவே முடியாத கால்வின் பீட், அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் டிரைவ் (முதல் நீண்ட அடி) துல்லியத்தில் 1981 முதல் 1990 வரை தொடர்ந்து முதலிடத்தில் இருந்தார். கை நீண்டிருக்க வேண்டும், ஆனால் பூட்டியிருக்கக் கூடாது. லேசான மடிப்பு யாருக்கும் கெடுதல் செய்யாது.

அந்தப் பேக்கேஜின் இன்னொரு பாடம், வலது அக்குளில் துண்டை வைத்து டிரைவரோடு (மிக நீளமான கிளப்) முழு ஸ்விங். விழுந்தால் தவறாம். துண்டுப் பயிற்சி நல்லதுதான், ஆனால் வெட்ஜ் அல்லது குட்டை அயர்ன் போன்ற நீளம் குறைந்த கிளப்போடு, இடது கை தரைக்கு இணையாகும் அரை ஸ்விங் வரைக்கும்தான். டிரைவரின் முழு ஸ்விங்கில் துண்டு விழுவது இயல்பு. விழாமல் ஒட்டிவைத்தால் ஸ்விங் ஒடுங்கி, வலது முழங்கை விலாவுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். பந்து நேராக வலப்பக்கம் போகும், அல்லது மணிக்கட்டைத் திருப்பிக் காப்பாற்றப் போய் ஹூக் ஆகும், அதாவது இடப்பக்கம் வளையும். மேஜர் எனப்படும் பெரும் போட்டிகளில் 18 வென்ற ஜாக் நிக்லாஸின் வலது முழங்கை உச்சியில் உடம்பை விட்டு விலகித்தான் நிற்கும். இறங்கும்போது அது விலாவுக்கு முன்னால் வந்துவிடுகிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

காசில்லாமல் செய்யக்கூடியது இது. முதலில் கிளப்பை மார்புக்குக் குறுக்கே அணைத்துக்கொண்டு, குனிந்த நிலை மாறாமல் திரும்புங்கள். முதுகு இலக்கைப் பார்க்கும் அளவுக்குத் தோள் திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் வலது காலின் முன்பாதத்தைச் சற்று வெளியே திருப்பி வையுங்கள், இடது குதிகால் எழுந்தாலும் பரவாயில்லை. பிறகு 7 அயர்னை (நடுத்தர நீளக் கிளப்) எடுத்து, வலது கையை இடது கையிலிருந்து நான்கு விரல் கீழே தள்ளிப் பிடித்து மெதுவாக பேக்ஸ்விங் செய்யுங்கள். வலது உள்ளங்கை கிரிப்பை உடம்பிலிருந்து அப்பால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அந்த அகலம் இருக்கும்வரை இடது கை தானாகவே நீண்டிருக்கும். அந்த அகலம் குறையத் தொடங்கும் இடம்தான் உங்கள் பேக்ஸ்விங்கின் முடிவு. அதற்கு மேல் தூக்காதீர்கள். பந்தில்லாமல் பத்து, பந்தோடு பாதி வேகத்தில் பத்து என்று மாற்றி மாற்றிச் செய்தால் போதும். வலி இருப்பவர்கள் அது தணியும்வரை பந்தடிக்க வேண்டாம்.

வீடியோவைக் காட்டி விற்பவர்களிடம் தனிக் கவனம் தேவை. கேமரா கை உயரத்தில், கைகளின் நேர்கோட்டில், இலக்கைப் பார்த்து இருக்க வேண்டும். ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே வலது முழங்கை உடம்பை விட்டு விலகிப் பறப்பதுபோலத் தெரியும். அந்தப் புதியவர் அனுப்பிய வீடியோவில் கேமரா தரையில், பைமேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் போட்ட சிவப்புக் கோட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை.

இன்னொன்றையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. கோல்ஃப் விதி 4.3-இன்படி இப்படிப்பட்ட ஸ்விங் பயிற்சிக் கருவியைப் போட்டிச் சுற்றின் நடுவே பயன்படுத்தினால் தண்டனை உண்டு.

வகுப்பில் சேர்வதென்றால் முதலில் ஒற்றை வகுப்புக்கு மட்டும் பணம் கட்டுங்கள். பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். முதல் வகுப்பில் உங்கள் தோள் திருப்பத்தையும் பழைய காயங்களையும் கேட்காதவரிடம் இரண்டாவது வகுப்பு வேண்டாம். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள், இந்தியாவில் இருந்தால், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, வாட்ஸ்அப் பதில்கள் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். விளம்பரம் நீக்கப்படுவதற்குள் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துவிடுங்கள்.