பச்சைத் தண்ணிக்கு 'யூவி லைட்' வாங்கப் போறீங்களா? 9,350 ரூபாயும் போச்சு, 11 மீனும் போச்சு

முந்தாநாள் காலைல அஞ்சரை மணிக்குக் கொல்லைக் கதவைத் திறக்குறேன், தொட்டியில இருந்த மீன் அத்தனையும் மேல வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. ஏழு மணிக்குள்ள 11 மீன் செத்துப் போச்சு. மிச்சம் மூணு, துணி ஊறவைக்கிற நீல டப்புல கிடக்கு. அந்த வயித்தெரிச்சல்லதான் எழுதுறேன், கோர்வையா வரலன்னா பொறுத்துக்கங்க.

எங்க வீடு ஆவடிப் பக்கம். கொல்லையில 8 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்துல சிமெண்ட் தொட்டி, மாமா கட்டினது. நாலு வருஷமா தண்ணி தெளிவாத்தான் இருந்துச்சு. இந்தக் கத்திரி வெயில்ல கீரை கடைஞ்ச மாதிரி பச்சையாயிடுச்சு. முழங்கை வரைக்கும் விட்டா விரல் தெரியாது. மீனுக்கு ஒண்ணும் ஆகல, போட்டதைத் தின்னுக்கிட்டு நல்லாத்தான் இருந்துச்சு. மீனே தெரியலையேன்னு பொண்ணுதான் ஒரே அழுகை.

அப்பதான் போன்ல அந்த விளம்பரம்: தண்ணியைப் பச்சையாக்குற பாசியைப் புற ஊதாக் கதிரால கொல்ற 'யூவி லைட்'டாம். மீன் தொட்டி சாமான் விக்கிற ஆன்லைன் கடை. பேரு போடல. போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு மிரட்டியிருக்கான். அதுவும் இல்லாம, இதே சரக்கை இன்னும் நாலு பேருல விக்கிறதை நேத்து பாத்தேன், ஒரு பேரை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்?

நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு காசு கட்டல. நானேதான் போன் பண்ணிப் பேசினேன். எடுத்தவன் முதல்ல விலை பேசல. தொட்டி அளவு கேட்டான். "நூறு கன அடி வருதுக்கா, சுமாரா 2,800 லிட்டர்"னு டக்குனு சொன்னான். வெயில் எத்தனை மணி நேரம் படுது, எத்தனை மீன், தினம் எவ்ளோ தீனி, எல்லாம் கேட்டான். நான் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன், கணக்கு சரி. விவரம் தெரிஞ்ச பையன்னு நினைச்சேன் பாருங்க, அங்கதான் விழுந்தேன். "அக்கா, 72 மணி நேரம். அடியில ஒரு ரூபா காயின் போட்டு வைங்க, மேல இருந்தே தலையா பூவான்னு சொல்லலாம்"னான். நானும் பொண்ணு கையால ஒரு ரூபாயைப் போட வெச்சேன். அது இன்னும் உள்ளதான் கிடக்கு.

36 வாட்ஸ் யூவி லைட் 6,800. 'பாசி நீக்கி' கேன் 1,950. கூரியர் 600. மொத்தம் 9,350 ரூபாய், முன்கூட்டியே யுபிஐ-ல. வீட்டுக்கு வந்ததும் காசு கொடுக்கிற வசதி கிடையாதாம்.

பார்சல் வந்துச்சு. வெள்ளை பிவிசி குழாய், உள்ள அழகா நீல வெளிச்சம். பொண்ணு அதுகிட்ட மூஞ்சியை வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. கண்ணுக்கு ஆகாதேன்னு கேட்டேன். "நேரா பாக்கலாம்க்கா, சேஃப்தான்"னான். உண்மையான யூவி விளக்கை நேரா பாக்கவே கூடாது, கண்ணு போயிடும். அதோட நிஜக் கதிர் கண்ணுக்கே தெரியாது. தெரியுற நீலம் சும்மா ஓரத்துல கசியுறது. இதெல்லாம் இப்ப தெரியுது.

கேன்ல லேபிளே இல்ல. உள்ள நீலத் தண்ணி. 'மருந்து வேலை செய்யணும்னா ராத்திரி ஏர் மோட்டாரை நிறுத்திடுங்க'ன்னு வாட்ஸ்அப்ல அனுப்பினான். நிறுத்தினேன். நானேதான் ஸ்விட்சைத் தட்டினேன், அதுதான் இன்னும் மனசு ஆறல. மறுநாள் நத்தை எல்லாம் கழண்டு அடியில விழுந்துச்சு. அதுக்கு அடுத்த நாள் விடிகாலை மீன்.

பக்கத்துத் தெரு மீன் கடைக்காரர் கேட்டதும் தலையில அடிச்சுக்கிட்டார். "நீலக் கலரு, நத்தை முதல்ல செத்துச்சுன்னா மயில்துத்தம்தாம்மா." அதாவது காப்பர் சல்பேட். பாசி மொத்தமா செத்து அழுகும்போது தண்ணியில இருக்குற ஆக்சிஜனை இழுத்துக்குமாம். ராத்திரியில எப்பவும் குறைச்சலா இருக்குறது இன்னும் குறையும். அந்த நேரத்துல ஏர் மோட்டாரையும் நிறுத்தினா மீன் எதை மூச்சு விடும்?

லைட்டை எலக்ட்ரீஷியன் தம்பி கழட்டினான். நிஜ யூவி விளக்குல இருக்குற குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய் இல்ல, உள்ள தண்ணி போய் வர வழியும் இல்ல. நீல எல்இடி பட்டையைச் சுருட்டி ஒட்டியிருக்கு. மீட்டர்ல மாட்டினா 4 வாட்ஸ். "அக்கா, இது தீபாவளிக்கு மாட்டுற சீரியல் செட்டு"னு சிரிக்கிறான். 9,350 ரூபாய்க்கு சீரியல் செட்டு!

போன் பண்ணினேன். முதல் நாள்: "செட் ஆக 15 நாள் ஆகும்க்கா." மீன் செத்துச்சுப்பான்னா, "உங்க தண்ணி சரியில்லக்கா." ரெண்டாவது நாள் வேற ஒரு பையன், "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா மேடம்?" அக்கா மேடம் ஆயிட்டேன். செத்த மீன் போட்டோ அனுப்பினேன், அதுக்கு ஒரு கும்பிடு ஸ்மைலி. சாயங்காலத்துல இருந்து ஒத்தை டிக்தான். பில்லை எடுத்துப் பாத்தா, 'அலங்கார விளக்கு – 1'ன்னு போட்டிருக்கான். மீனு, பாசி, யூவி ஒரு வார்த்தை இல்ல. முதல்லயே பில்லை ஒழுங்கா படிச்சிருக்கணும்.

2020 இ-காமர்ஸ் விதிப்படி குறைதீர் அலுவலர் பேரு, நம்பர் எல்லாம் தளத்துல போட்டிருக்கணும், புகார் கிடைச்சுதுன்னு 48 மணி நேரத்துல ஒப்புகை கொடுக்கணும். இவங்க தளத்துல அந்தப் பக்கமே இல்ல. 1915-ல நுகர்வோர் புகார் பதிஞ்சாச்சு, சைபர் மோசடிக்கான 1930-லயும் சொல்லியாச்சு. 9,350 திரும்பி வரும்னு மாமா நம்புறாரு. எனக்கு நம்பிக்கை இல்ல.

பச்சைத் தண்ணியை எப்படி சரி பண்றதுன்னு விரிவா எழுதுறேன்னு போன வாரம் நாலு பேருக்கு வாக்கு கொடுத்திருந்தேன். இப்போதைக்கு இவ்ளோதான் முடியும். லேபிள் இல்லாத எதையும் தண்ணியில ஊத்தாதீங்க. ஏர் மோட்டாரை, முக்கியமா ராத்திரியில, யார் சொன்னாலும் நிறுத்தாதீங்க. தீனியைக் குறைங்க. தண்ணி மாத்துறதுன்னா கால்வாசிக்கு மேல ஒரே நாள்ல வேணாம், குளோரின் போட்ட குழாய்த் தண்ணின்னா குளோரினை முறிக்கிற ஆன்டி குளோரின் கலக்காம ஊத்தாதீங்க. யூவி வாங்கினா தண்ணி குழாய் வழியா போற மாதிரியான்னு பாருங்க, பில்லுல என்ன எழுதியிருக்குன்னு காசு கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க.

இன்னொண்ணு. தண்ணி ஏன் திடீர்னு பச்சையாச்சுன்னு நேத்துதான் உறைச்சுது. தொட்டிக்கு மேல சாஞ்சு நின்ன வேப்பமரத்தை, சுவர் எடுக்கணும்னு ஜனவரியில நாங்கதான் வெட்டினோம். நாலு வருஷமா நிழல் கொடுத்தது அதுதான். இன்னைக்குக் காலைல 700 ரூபாய்க்குப் பச்சை ஷேட் நெட் வாங்கிட்டு வந்து கட்டியிருக்கோம். டப்புல இருக்குற மூணுல ஒண்ணு சாஞ்சு சாஞ்சு நீந்துது, அதைப் போய் பாக்கணும்.