ஸ்பிரிங் கிராவிமீட்டர்: பனிமலைகளுக்கு மேலே பல பருவங்கள் ஓட்டியபின்

ஈர்ப்பின் நுண்ணிய மாற்றங்களை அளக்கும் எங்கள் ஸ்பிரிங் கிராவிமீட்டர், ஜைரோ இரண்டையும் மாற்றிக்கொண்டு பழுதுபார்ப்பிலிருந்து திரும்பிய நேரம் பார்த்து, "பழைய ஸ்பிரிங் கிராவிமீட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, மலை வேலைக்கு வாங்கிப் போடலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடிகிற விஷயமில்லை.

பேச்சு, பனிக்கடியில் உள்ள மலைகளை விமானத்திலிருந்து அளக்க, ஜைரோக்கள் மட்டமாக வைத்திருக்கும் சமநிலை மேடையில் உட்காரும் பூஜ்ய நீள ஸ்பிரிங் (இழுவிசை அதன் நீளத்துக்கு நேர்விகிதமாக இருக்கும் ஸ்பிரிங்) வகையைப் பற்றி. ட்வின் ஆட்டர் மாதிரியான சிறு விமானம், கேபினுக்குள் இது, இறக்கைக்குக் கீழே பனியை ஊடுருவும் ரேடார், இறக்கை நுனியில் சீசியம் காந்தமானி என்பது தெரிந்த அமைப்புதான். கிழக்கு அண்டார்க்டிகாவின் பனிக்கடியில் கம்பூர்த்செவ் மலைகள் இருப்பதை 1958இல் சோவியத் குழு அதிர்வலை முறையில் கண்டது. 2008-09இல் இரண்டு ட்வின் ஆட்டர்கள் 5 கி.மீ. இடைவெளிக் கோடுகளில் பறந்து அவற்றுக்கு ஒழுங்கான வரைபடம் தந்தன. அங்கேயும் ரேடார், ஈர்ப்பு, காந்தம் மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்தன. பாறை ஒரு துண்டுகூட வெளியே தெரியாத இடத்தில் மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் ஊகம்தான்.

இந்தக் கருவியின் தலையாய தொல்லை திருப்பம். கோட்டின் முனையில் விமானம் சாயும்போது வரும் கிடைமட்ட முடுக்கத்தை மேடை சரிவு என்று எடுத்துக்கொண்டு, செங்குத்தை விட்டு விலகுகிறது. அதனால் சாய்வதற்கு முன்பே, ஸ்பிரிங் தாங்கும் எடைக்கோலான பீமைக் கிளாம்ப் செய்து (அசையாமல் பூட்டி), மேடையை ஜைரோவின் பொறுப்பில் மட்டும் விட வேண்டும். புதுக் கோட்டில் நேரான பிறகு கிளாம்பை எடுத்தால், அடங்குவதற்குச் சில நிமிடங்கள் கேட்கிறது. நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் மூன்றரை நிமிடம் என்றாலே 15 கி.மீ. அளவீடு இல்லை. அதை ஈடுகட்டக் கோட்டின் இரு முனையிலும் 15 கி.மீ. நீட்டிப் பறக்கிறோம். 300 கி.மீ. கோட்டில் பத்தில் ஒரு பங்கு எரிபொருள் வெறும் காத்திருப்புக்குப் போகிறது. 60 கி.மீ. அகலமுள்ள சிறு மலைத்தொடர் என்றால் கணக்கைப் போடாமல் இருப்பதே மனதுக்கு நல்லது.

கிளாம்பை எடுத்தால் மட்டும் போதாது, ஸ்பிரிங்கின் இழுவையையும் மாற்ற வேண்டும். 80 டிகிரி அகலாங்கில் கிழக்கே பறக்கும்போதும் மேற்கே பறக்கும்போதும் உள்ள ஏட்வேஷ் வித்தியாசம் (பூமியின் சுழற்சியோடு சேர்ந்தோ எதிர்த்தோ நகர்வதால் ஈர்ப்பு அளவு மாறுவது), அதே வேகத்தில், ஏறத்தாழ 350 மில்லிகால் (ஒரு மில்லிகால் என்பது புவி ஈர்ப்பில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). நாம் தேடுவது ஐந்து பத்து மில்லிகால். மோட்டார் அந்த 350ஐ மெதுவாகத்தான் ஓட்டி முடிக்கும். அடுத்த கோட்டுக்கான மதிப்பை முன்கூட்டியே கணக்கிட்டு, திருப்பத்தின் நடுவிலேயே மோட்டாரை ஓடவிடுங்கள். திறக்கும் நேரத்தில் பீம் நடுவில் இருக்கும். இல்லையென்றால் பீம் ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும், அந்தக் கோட்டின் தலைப்பகுதி குப்பைதான். வடக்கு-தெற்குக் கோடுகளில் இந்தத் தாவல் இல்லை. ஆனால் கோட்டின் திசையைத் தீர்மானிக்க வேண்டியது பாறை அமைப்பின் போக்கு. மலைக்குக் குறுக்கே போகாத கோடு எதற்கு?

சாய்வு 10 டிகிரிக்குள் இருக்கட்டும் என்று விமானியிடம் சொன்னால், திருப்பத்தின் ஆரம் 2.8 கி.மீ. ஆகிறது. அரைவட்டத்தின் விட்டம் 5.7 கி.மீ., கோட்டு இடைவெளி 5 கி.மீ.! அடுத்தடுத்த கோடுகளைப் பறக்காமல் ஒன்று விட்டு ஒன்றாகப் பிடிப்பது சுலபம். மேடையும் கொஞ்சம் நிதானமாகத் திரும்பும்.

இதைவிட எரிச்சலானது உயரக் கட்டுப்பாடு. மேலேறி இறங்கிப் பறந்தால் செங்குத்து முடுக்கம் அளவீட்டை விழுங்கிவிடும். 0.1 ஜி குலுக்கலே 98,000 மில்லிகால், அதிலிருந்து ஒன்றிரண்டு மில்லிகாலைப் பிரிக்கப் பார்க்கிறோம். ஆகவே மிக உயர்ந்த சிகரத்துக்கு மேலே ஒரே மட்டத்தில் பறக்க வேண்டும். அப்போது பள்ளத்தாக்குகளுக்கு 2 கி.மீ. மேலே இருப்போம். 10 கி.மீ. அலைநீளமுள்ள சமிக்ஞை அந்த 2 கி.மீ.யில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடுகிறது. ரேடாரும் காந்தமானியும் தாழப் பறக்கச் சொல்லும். ஒருவருக்கு ஒவ்வாமை என்பதற்காக வீடு முழுக்க உப்பில்லாமல் சாப்பிடுவது போல, மற்ற இரண்டும் இதற்காக வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது.

நியாயமாகப் பேசினால், மலை வேலையில் வரும் தவறான முடிவுகளுக்கெல்லாம் கிராவிமீட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆழமான பள்ளத்தாக்கில் ரேடாரின் முதல் எதிரொலி அடித்தளத்திலிருந்து வராமல் பக்கச்சுவரிலிருந்து வரும். பனி இருப்பதைவிட மெல்லியதாகப் பதிவாகும். பனிக்கும் பாறைக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம் கன செ.மீ.க்கு 1.75 கிராம் என்று வைத்தால், 60 மீ. தடிமன் பிழை 4.4 மில்லிகால். சுற்றுப்பாறையைவிட 0.2 அடர்த்தி குறைந்த மணற்கல் 500 மீ. தடிமனில் தருவது 4.2 மில்லிகால். அதாவது ரேடார் தவறினால் வரைபடத்தில் இல்லாத ஒரு வண்டல் படுகை முளைத்துவிடும். பள்ளத்தாக்கின் வடிவத்தை அச்சாக ஒத்த போகர் தாழ்வை (பனி, பாறை வடிவத்தின் பங்கைக் கழித்த பிறகும் மிஞ்சும் ஈர்ப்புக் குறைவை) பார்த்தால் முதலில் ரேடார் பதிவைத் திறந்து பாருங்கள். காந்தப் பதிவையும் பக்கத்தில் வையுங்கள். டிரான்ஸ் அண்டார்க்டிக் மலைகளில் பீக்கன் மணற்கல் காந்தத்தில் அமைதியாகவும், அதற்குள் குழம்பாகப் புகுந்து உறைந்த ஃபெரார் டோலரைட் பாறை கரடுமுரடாகவும் தெரியும். ஈர்ப்பு மட்டும் தனியாக இந்த வழக்கைத் தீர்க்காது.

இனி புகழ்ச்சி. எதிர்பாராத சந்தோஷம் டிரிஃப்ட், அதாவது கருவியின் அளவு நாளாக ஆகத் தானே நகர்வது. மின்சாரம் அறாமல் சூடாக வைத்திருந்தால், பருவம் முழுவதும் தரை அளவீடுகள் ஏறத்தாழ நேர்கோட்டில் விழுகின்றன. பறப்புக்கு முன்னும் பின்னும் கால் மணி நேரம் அசையாமல் நிறுத்தி அளக்க வேண்டும். சென்சாரிலிருந்து அடிப்புள்ளி (ஈர்ப்பு முன்பே தெரிந்த தரைப்புள்ளி) வரை உயரத்தை டேப்பால் எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மீட்டருக்கு 0.3086 மில்லிகால். பனிமேல் முகாம் என்றால் பறப்புக்குப் பறப்பு பனி சேரும், விமானம் நிற்கும் மட்டமும் மாறும். டேப்பைச் சோம்பேறித்தனமாக விட்டால் டிரிஃப்ட் கருவியுடையது என்று எழுதிவிடுவீர்கள்.

ஆனால் அந்த "சூடாக வைத்திருந்தால்" ஒரு பெரிய ஆனால். ஜெனரேட்டரிலிருந்து விமான மின்சாரத்துக்கு மாற்றும் நொடியில் துண்டிப்பு வந்தால் ஹீட்டர் அணையும். வெப்பம் இறங்கிவிட்டால் மறுபடி நிலைக்க ஒன்றிரண்டு நாள். இடையில் கட்டாயம் ஒரு யூபிஎஸ் வேண்டும், அதன் பேட்டரியும் குளிரில் சுருங்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள். இன்னொன்று, கருவியின் சட்டகத்தைத் தாங்கும் ரப்பர் கயிறுகள். குளிரில் விறைத்து, என்ஜின் அதிர்வை அப்படியே மேடைக்குக் கடத்தும். கேபினைச் சூடாக்கிய பிறகே கிளாம்பைத் திறக்க வேண்டும்.

சென்சார்களை விமானத்தோடு நேரடியாகப் பிணைக்கும் ஸ்ட்ராப்டவுன் வகைக் கிராவிமீட்டரில் இந்தத் திருப்பத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மேடையே கிடையாது, திருப்பத்துக்குள்ளும் அளக்கும், தரையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியும் பறக்கலாம். அதன் பலவீனம் வெப்பத்தால் வரும் நீண்டகால டிரிஃப்ட். 2015-16இல் தென்துருவத்தைச் சுற்றிய போலார்கேப் ஆய்வில் இரண்டு வகையையும் சேர்த்தே எடுத்துப் போனார்கள். ஸ்பிரிங் நீண்ட அலையைப் பிடித்துக்கொள்ள, மற்றது குறுகிய அலையைப் பார்த்துக்கொள்ளும். மலை வேலைக்கு உண்மையில் வேண்டியது அந்த இரண்டாவதுதான்.

ஆகவே நண்பருக்கு: மலைக்கு இதை வாங்காதீர்கள். எங்களுடையதை விற்பீர்களா என்று கேட்டால், மாட்டோம். அப்படியும் வாங்கியே தீருவேன் என்றால் ஜைரோ எப்போது மாற்றியது என்று கேளுங்கள், ரப்பர் கயிறுகளை விரலால் அழுத்திப் பாருங்கள், இரண்டு நாள் சூட்டில் வைத்த பிறகு ஓர் இரவு முழுக்க அசையாமல் ஓடிய பதிவைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிவைத் தரத் தயங்கினால் பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள்.