மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கத்துத் தோட்டக் கள்ளுக்கடை: சித்திரையில் போகலாமா?

கள் அருமை. ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும்.

இங்கே தென்னங்கள்தான். காலையில் இறக்கியது பத்து, பதினொரு மணிக்குள் கடைக்கு வந்துவிடுகிறது. அப்போது இனிப்புத் தூக்கலாக, நாக்கில் லேசாகச் சுறுசுறுக்கும். கலயத்தில் சொட்டும்போதே காற்றிலுள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும்; சர்க்கரை குறையக் குறையப் போதை ஏறும், மாலையில் புளிப்பு முந்தும். மறுநாளைக்கு வைத்தால் காடிதான். சாயங்காலம் நான்கு மணிக்கும் கள் தேனாக இனித்தால் சர்க்கரை கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இந்தக் கடையில் அந்த வேலை இல்லை. மாலைக் கள் நியாயமாகப் புளிக்கிறது, நுரையும் பொடிப்பொடியாக நிற்கிறது.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வார இறுதியில்தான் கடைக்குக் களை. பழைய தோட்டத்து ஆட்கள் பட்டணத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, கொட்டகையில் பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். "அண்ணே, இன்னொரு குவளை!" என்ற குரல் ஓயாது. தொட்டுக்கொள்ள மிளகு தூக்கலான ஆட்டு ஈரல் வறுவல், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். இறால் சம்பல் சுமார்தான்.

குறைகள்: கழிப்பறை ஒன்றே ஒன்று, நிழலில் வண்டி நிறுத்த இடம் போதாது.

வீட்டுக்கு வாங்கினால் புட்டியில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பச் சொல்லுங்கள், மூடியை இறுக்காதீர்கள். நொதிக்கும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால் கார் சூட்டில் புட்டி வெடிக்கும். ஐஸ் பெட்டியில் வைத்தால் புளிப்பு தள்ளிப்போகும். குடித்தவர் வண்டி ஓட்ட வேண்டாம். ஓட்டுகிறவருக்கு அங்கேயே இளநீர் கிடைக்கிறது.