பிறப்புறுப்பு அரிப்பு: பூஞ்சையா, லைக்கனா?

பெண்ணின் வெளிப்புறப் பிறப்புறுப்பில் அரிப்பு என்றதும், பார்க்காமலே பூஞ்சை மருந்து எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பூஞ்சையும் அரிக்கும், லைக்கன் எனப்படும் நாள்பட்ட தோல் நோய் வகைகளும் அரிக்கும். நல்ல வெளிச்சத்தில் இதழ்களை விரித்துப் பார்த்தால்தான் வேறுபாடு பிடிபடும்.

முதலில் உறுப்பின் அமைப்பைப் பாருங்கள். சிற்றிதழ்கள் தேய்ந்து மறைந்திருந்தாலோ, கிளிட்டோரிஸ் தோலுக்குள் புதைந்திருந்தாலோ, பூஞ்சையும் லைக்கன் சிம்ப்ளக்ஸும் (சொறிந்து சொறிந்து தோல் தடிக்கும் நோய்) அதற்குக் காரணமாக இருக்க முடியாது; அவை அப்படித் தழும்பு உண்டாக்குவதில்லை. மிஞ்சுவது பெரும்பாலும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் அல்லது லைக்கன் பிளானஸ்.

இந்த இரண்டில்தான் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். ஸ்கிளிரோசஸில் தோல் வெளுத்து, கசக்கி விரித்த மெல்லிய காகிதம்போல் இருக்கும். ஆங்காங்கே ரத்தம் கசிந்த திட்டுகள் தெரியும். ஆசனவாயையும் சேர்த்து 8 வடிவில் சூழலாம். யோனிக்குள் பொதுவாகப் போகாது. பிளானஸின் புண் வகை யோனி வாசலைப் பளபளவெனச் சிவக்க வைக்கும், ஓரத்தில் வெண்ணிற வலைக்கோடு இருக்கும். இதில் அரிப்பைவிட எரிச்சலும் வலியும்தான் அதிகம். யோனிக்குள்ளும் பரவி, சுவர்களை ஒட்ட வைத்துவிடும். பிளானஸ் வாயிலும் வரக்கூடும்; ஆகவே ஈறுகளையும் கன்னத்தின் உட்புறத்தையும் பார்க்காமல் பரிசோதனையை முடிக்கக் கூடாது.

சிம்ப்ளக்ஸில் பேரிதழ் தடித்து, தோல் வரிகள் ஆழமாகி, சொறிந்த இடத்தில் முடி ஒடிந்திருக்கும்.

பூஞ்சை என்றால் சிவப்பு, வெடிப்பு, ஓரத்தில் சிறு கொப்புளங்கள். சுரண்டி எடுத்ததை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். மாதவிடாய் நின்று, ஈஸ்ட்ரோஜனும் எடுக்காமல், சர்க்கரை நோயும் இல்லாதவருக்குப் பூஞ்சை அபூர்வம். ஆனால் பூஞ்சை தென்பட்டாலும் லைக்கன் இல்லை என்றாகாது. ஸ்டீராய்டு களிம்பு பூசும் இடத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

சந்தேகம் தீராவிட்டால் 4 மி.மீ. பஞ்ச் பயாப்ஸி, அதாவது வட்டக் கத்தியால் சிறு தோல் துண்டை எடுத்துச் சோதிப்பது. புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் மேல்தோலே கிடைக்காது, அறிக்கை பயன்படாது. புண்ணும் நல்ல தோலும் சேரும் விளிம்பில் எடுக்க வேண்டும். சமீபத்தில் பூசிய ஸ்டீராய்டும் நோயின் அடையாளத்தை மங்கவைக்கும்.

ஸ்கிளிரோசஸுக்கு 0.05% க்ளோபெடசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பு: 4 வாரம் தினம் இரவு, 4 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், 4 வாரம் வாரம் இருமுறை. 12 வாரத்துக்கு 30 கிராம் போதும். ஒழுங்காகப் பூசியும் ஆறாத புண், தடித்த திட்டு, கட்டி எதுவானாலும் களிம்பை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். அங்கே புற்றுநோய் இருக்கலாம், உடனே பயாப்ஸி எடுங்கள்.