ரோட்டரி டேபிளில் சாய்கோண மில்லிங்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிபவை

ரோட்டரி டேபிள் என்பது மில்லிங் மெஷினில் ஜாபை (வெட்ட வேண்டிய பொருளை) வேண்டிய கோணத்துக்குத் திருப்பும் வட்ட மேசை. இங்கே பேசும் டேபிள் 200 மி.மீ. விட்டம், 90:1 வோர்ம் (டேபிளைத் திருப்பும் திருகுப் பல்) விகிதம் கொண்டது. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் டேபிள் 4 டிகிரி திரும்பும். 22.5 டிகிரிக்கு ஐந்து முழுச் சுற்று, அதற்கு மேல் டயலில் 2 டிகிரி 30 நிமிடம். கணக்கு இவ்வளவுதான். கோணம் பிசகுவது பூஜ்யம் பிடிக்கும்போதும் லாக் போடும்போதும்தான்.

ஸ்பிண்டிலில் (கட்டரைச் சுழற்றும் தண்டில்) லீவர் டயலை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவியை) மாட்டி, டேபிளின் நடுத்துளையைச் சுற்றிலும் தடவிப் பார்த்து, 0.02 மி.மீ.க்குள் மையம் பிடித்து எக்ஸ், ஒய் இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். நேர்கோட்டு வெட்டில் ஜாப் டேபிளின் எந்த இடத்தில் இருந்தாலும் கோணம் மாறாது. வெட்டு விழும் இடம்தான் மாறும். ட்ராயிங்கில் அளவு தொடங்கும் மூலையை டேபிள் மையத்துக்கு நேராக உட்கார வைத்தால், எவ்வளவு திருப்பினாலும் அந்தப் புள்ளி நகராது. வேறெங்கே வைத்தாலும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் சைன், கொசைன் போட்டே ஆக வேண்டும்.

டேபிளை முதலில் 0 டிகிரியில் லாக் செய்துவிட்டு, ஜாபின் விளிம்பில் டயலை ஓட்டி, ஜாபை மெல்லத் தட்டி நேராக்குவதே நல்ல வழி. டேபிளைத் திருப்பி நேராக்கினால் 37 நிமிடம் போன்ற உதிரி எண்ணில் நிற்கும். பிறகு ஒவ்வொரு கோணத்திலும் அதைக் கூட்டிக் கழிக்க வேண்டிவரும்.

பேக்லாஷுக்கு (வோர்முக்கும் பற்களுக்கும் இடையே உள்ள தளர்வுக்கு) ஒரே மருந்து, எப்போதும் ஒரே திசையில் வந்து நிற்பது. கோடு தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் போய்த் திரும்ப வாருங்கள்.

லாக் போல்ட்டை இறுக்கும்போது டேபிள் கொஞ்சம் நகரும். அதைப் பார்க்க டேபிள் ஓரத்தில் நிற்கும் ஏதாவது ஒரு நேர்முகத்தில் டயலை வையுங்கள். மையத்திலிருந்து 100 மி.மீ. தூரத்தில் 0.03 மி.மீ. அசைந்தால் ஏறக்குறைய ஒரு நிமிடக் கோணம். இரண்டு லாக் இருந்தால் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினால் நகர்வு குறையும்.

வெட்டுமுன் சைன் பார் (கோணம் அளக்கும் கருவி) இல்லாமலே கோணத்தைச் சோதிக்கலாம். ஜாபின் விளிம்பில் டயலைத் தொட்டு வைத்து, எக்ஸை 50 மி.மீ., ஒய்யை 20.71 மி.மீ. நகர்த்துங்கள். முள் பழைய இடத்திலேயே நின்றால் 22.5 டிகிரி சரி. மற்ற கோணங்களுக்கு 50ஐ அந்தக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கட்டரை உயர்த்தி வைத்து எல்லாக் கோணங்களுக்கும் ஒருமுறை வெறுமனே திருப்பிப் பாருங்கள். கிளாம்ப் இடிக்கும் இடம் அப்போதே தெரிந்துவிடும். ஊடுருவும் வெட்டென்றால் ஜாபுக்கு அடியில் 10 மி.மீ. அலுமினியத் தகடு கட்டாயம். டேபிளைத் திருப்பிக்கொண்டே வளைவு வெட்டுவதானால் கிளைம்ப் மில்லிங் (கட்டர் பல் சுழலும் திசையிலேயே ஜாபை நகர்த்தி வெட்டுவது) கூடாது; பேக்லாஷ் உள்ள அளவுக்குக் கட்டர் ஜாபை இழுத்துக்கொள்ளும்.

வருடக்கணக்கில் ஓடிய டேபிளில் தேய்மானம் ஒரே சீராக இருக்காது. 0 முதல் 90 வரையே அதிகம் பயன்படுவதால் அந்தப் பற்கள்தான் முதலில் தேயும். அங்கே வைத்து எக்சென்ட்ரிக்கை (வோர்மைப் பற்களோடு நெருக்கும் அமைப்பை) இறுக்கினால் தேயாத பக்கம் வந்ததும் கைப்பிடி முரண்டு பிடிக்கும். முழுச் சுற்றில் எங்கே மிக இறுக்கமோ அங்கே வைத்து அட்ஜஸ்ட் செய்யுங்கள். வோர்மை விலக்கி மீண்டும் சேர்க்கும்போது பற்களுக்கு நடுவே ஒரு சிறு உலோகத் துணுக்கு இருந்தாலும் போதும், பல்லில் தழும்பு விழுந்துவிடும்.

ரோட்டரி டேபிளின் பெரிய குறை உயரம். வைஸையும் (ஜாபைப் பிடிக்கும் இடுக்கியையும்) மேலே ஏற்றினால் இசட் (மேல்-கீழ்) இடம் சுருங்கும், அதிர்வும் கூடும். ஜாபை நேரடியாக டேபிளில் கிளாம்ப் செய்வதே மேல். ஒரே கோணத்தில் நிறைய ஜாப் வந்தால் தனி ஃபிக்ஸ்சர் (ஜாபை அந்தக் கோணத்திலேயே பிடிக்கும் தாங்கி) செய்துகொள்வதே லாபம்.